ஒரே கேமை இரண்டு முறை இறக்காதீர்கள்

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' 2019இல் கணினிக்கு வந்தபோது அதன் தயாரிப்பாளரான ராக்ஸ்டார் டிஸ்க்கில் கேட்ட இடம் 150 ஜிபி. அதே ஆண்டு வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்' 175 ஜிபி கேட்டது. 2023இல் 'பால்டர்ஸ் கேட் 3' வந்தது. அதற்கும் 150 ஜிபி. வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருப்பவருக்கு 150 ஜிபி என்பது மூன்றரை மணி நேர வேலை. சாயங்காலம் போட்டுவிட்டால் சாப்பிட்டு முடித்து விளையாடலாம். 10 எம்பிபிஎஸ் இணைப்பில் அதே கேம் 33 மணி நேரம் எடுக்கும். 2 எம்பிபிஎஸ் என்றால் ஏழு நாள், இரவு பகல் ஒரு நொடியும் நிற்காமல். இந்தியாவில் ஓர் இணைப்பை பிராட்பேண்ட் என்று சொல்ல 2023 முதல் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு இந்த 2 எம்பிபிஎஸ்தான். செல்போனில் தினமும் கிடைக்கும் 1.5 ஜிபி டேட்டாவை ஒரு துளிகூட வேறெதற்கும் செலவழிக்காமல் இதற்கே கொடுத்தால் நூறு நாள் ஆகும்.

இந்தக் கணக்கைப் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைய நிறுவனங்கள் வேகத்தை பிட்டில் சொல்கின்றன. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் வழக்கமாக பைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் ஒரு பைட். எனவே 10 எம்பிபிஎஸ் இணைப்பில் ஸ்டீம் நொடிக்கு 1.25 எம்பி காட்டினால் இணைப்பு முழு வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். அங்கே குறை தேட வேண்டியதில்லை. அதுவும் வராவிட்டால் முதலில் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து நேராக ஒரு கேபிளை இழுத்துப் பாருங்கள். பல வீடுகளில் லைன் நன்றாகவே இருக்கும், சுவரைத் தாண்டும் வைஃபைதான் தடுமாறும்.

கேபிளும் போட்டாயிற்று, வேகமும் இவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன செய்வது? வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் பூஸ்டர் மென்பொருள்களை நான் நம்பச் சொல்லமாட்டேன். லைனின் அளவைத் தாண்டி எந்த மென்பொருளாலும் எதையும் கொண்டுவர முடியாது. நம் கையில் இருப்பது வேறொன்று: ஒரு முறை இறக்கிய எதையும் மறுபடி இறக்க வேண்டிய நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. வேகமான இணைப்பு உள்ளவர் ஒரு கேமை அழிப்பார், ஆசை வந்தால் மறுபடி இறக்குவார். அவருக்கு ஸ்டீம் சர்வரே அலமாரி மாதிரி. மெதுவான இணைப்பில் அந்தப் பழக்கம் கட்டுப்படியாகாது. ஆனால் இன்றைய கேம்களும் கடைகளும் அந்தப் பழக்கத்தை வைத்தேதான் வடிவமைக்கப்படுகின்றன. பிரச்சினையின் வேர் அங்கே இருக்கிறது.

எடை எங்கிருந்து வருகிறது

கேமில் எடை மிகுந்தது பெரும்பாலும் டெக்ஸ்சர்கள், அதாவது சுவர், பாறை, முகம், துணி எல்லாவற்றின் மேலும் ஒட்டப்படும் படங்கள். 4096க்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு டெக்ஸ்சர், கிராபிக்ஸ் கார்டு நேரடியாகப் படிக்கும் பிசி7 முறையில் சுருக்கிய பிறகும் 16 எம்பி வரும். 2048க்கு 2048 ஆக்கினால் அது 4 எம்பி. பக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் எடை கால் பங்காகிறது. ஒரே பாறைக்கு நிறத்துக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று பல படங்கள் தேவைப்படும். இப்படி ஆயிரக்கணக்கான பொருட்கள் சேரும்போது அளவு எங்கே போய் நிற்கும் என்று ஊகிக்கலாம்.

பழைய கிராபிக்ஸ் கார்டும் 1080பி திரையும் வைத்திருப்பவர் செட்டிங்கை 'மீடியம்' என்று வைத்துத்தான் விளையாடுவார். மிகப் பெரிய டெக்ஸ்சர்கள் அவர் கணினியின் நினைவகத்துக்குள் ஏறுவதே இல்லை. ஆனாலும் அவற்றை அவர் இறக்கியே ஆக வேண்டும். பெத்தெஸ்டா நிறுவனம் 2017இல் 'ஃபால்அவுட் 4'க்கு உயர்தர டெக்ஸ்சர் தொகுப்பை வெளியிட்டபோது அது 58 ஜிபி இருந்தது. அடிப்படை கேமைவிடப் பெரியது. ஆனால் அதை இலவசமான தனி டிஎல்சியாக, அதாவது கேமோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்பாகக் கொடுத்தார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம். எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். செய்பவர்கள் சிலர்தான்.

அடுத்தது ஒலி. 2014இல் கணினிக்கு வந்த 'டைட்டன்ஃபால்' 48 ஜிபி. அதில் சுமார் 35 ஜிபி சுருக்கப்படாத ஒலிக்கோப்புகள் என்று அதை உருவாக்கிய ரெஸ்பான் நிறுவனமே சொன்னது. காரணமும் சொன்னார்கள்: இரண்டு கோர் மட்டுமே உள்ள பலவீனமான புராசஸர்களில் ஒலியை விரித்தெடுக்கும் வேலை கேமின் ஓட்டத்தைத் தடுக்கக்கூடாது. அதில் நியாயம் உண்டு. ஆனால் பலவீனமான கணினி வைத்திருப்பவரிடம் வேகமான இணைப்பு மட்டும் இருக்கும் என்று எப்படி நினைத்தார்கள்? புராசஸருக்கு இறக்கிவைத்த சுமை அப்படியே லைனின் தலையில் ஏறியது.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது: ஒரே கோப்பைப் பல முறை திரும்பத் திரும்ப வைப்பது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு சுழலும், அதன் மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து படிக்கும். முனை இடம் மாறும் ஒவ்வொரு முறையும் சில மில்லிநொடிகள் வீணாகும். அதனால் ஒரு தெருவைக் காட்டத் தேவையான அத்தனை பொருட்களையும் டிஸ்க்கில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார்கள். அதே பொருள் அடுத்த தெருவிலும் இருந்தால் அங்கேயும் ஒரு பிரதி. பிளேஸ்டேஷன் 5 கன்சோலை வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் அதன் உள்ளமைப்பை விளக்கியபோது, 'ஸ்பைடர்-மேன்' கேமில் தெருவோரத் தபால் பெட்டி போன்ற சில பொருட்கள் ஹார்ட் டிஸ்க்கில் 400 முறை பதிவாகியிருந்ததாகச் சொன்னார். எஸ்எஸ்டி என்ற புதிய வகை டிஸ்க்கில் நகரும் முனை கிடையாது, எனவே பிரதிகள் தேவையில்லை என்பது அவர் வாதம்.

கணினியில் அந்த வசதி உடனே வந்துவிடவில்லை. எல்லோரிடமும் எஸ்எஸ்டி இருக்காதே என்ற தயக்கம். 'ஹெல்டைவர்ஸ் 2' கணினிப் பதிப்பு வளர்ந்து வளர்ந்து 154 ஜிபியைத் தொட்டது. கன்சோல் பதிப்போ அதில் கால் பங்கு அளவுக்கு அருகில்தான் இருந்தது. ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்காகக் கோப்புகளை இரட்டித்து வைத்திருக்கிறோம் என்று அதை உருவாக்கிய ஆரோஹெட் நிறுவனம் விளக்கியது. அவர்கள் கணக்குப்படி ஹார்ட் டிஸ்க்கில் விளையாடியவர்கள் சுமார் 11 சதவீதம். 2025 டிசம்பரில் நிக்ஸஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் உதவியோடு அந்தப் பிரதிகளையெல்லாம் நீக்கிப் பார்த்தார்கள். 154 ஜிபி 23 ஜிபியாக இறங்கியது. பயந்தபடி ஹார்ட் டிஸ்க்காரர்களுக்கு லோடிங் நேரம் பல மடங்கு கூடவும் இல்லை, சில நொடிகள்தான் கூடின. நேரம் எடுத்தது கோப்பைப் படிப்பதில் இல்லை, ஆட்டக்களத்தை உருவாக்கும் கணக்கீட்டில்தான் என்று அளந்து பார்த்த பிறகு தெரிந்தது. முன்பு போட்டு வைத்திருந்தது பொதுவான ஒரு மதிப்பீடு மட்டுமே.

நீக்கப்பட்ட அந்த 131 ஜிபியை 10 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க 29 மணி நேரம் ஆகும். அளந்து பார்க்காத ஒரு மதிப்பீட்டுக்காக உலகம் முழுக்க எத்தனை பேர் எத்தனை இரவு கணினியை அணைக்காமல் விட்டிருப்பார்கள்! ஆரோஹெட் இதை வெளிப்படையாகச் சொல்லித் திருத்தியதைப் பாராட்டுகிறேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் 2021 ஜூலையில் ஒரே அப்டேட்டில் 170 ஜிபியிலிருந்து 83 ஜிபிக்கு இறங்கியது. குறைக்க முனைந்தால் குறைகிறது.

துண்டுகளும் பேட்ச்களும்

ஸ்டீம் ஒரு கேமை ஒரே பெரிய கோப்பாக அனுப்புவதில்லை. ஏறக்குறைய 1 எம்பி அளவுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறியீடு போட்டு வைத்திருக்கிறது. உங்கள் கணினி எந்தெந்தத் துண்டுகள் வேண்டும் என்ற பட்டியலை வாங்கிக்கொண்டு ஒன்றொன்றாக இறக்கிச் சரிபார்க்கிறது. கரண்ட் போனாலும் லைன் அறுந்தாலும் அந்த நேரத்தில் பாதியில் நின்ற துண்டுகள் மட்டுமே வீண். முன்பு உலாவியில் பெரிய கோப்பை இறக்கும்போது 98 சதவீதத்தில் நின்றுபோய் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்த வேதனை இங்கே இல்லை. எனவே எப்போது வேண்டுமானாலும் தைரியமாக 'பாஸ்' செய்யலாம், நாலு நாள் கழித்துத் தொடரலாம். துண்டுகள் சுருக்கப்பட்டு வருவதால் உண்மையில் இறங்கும் அளவு, கடைப் பக்கத்தில் போட்டிருக்கும் இட அளவைவிடப் பல சமயம் குறைவாகவும் இருக்கும்.

இதே துண்டு முறைதான் அப்டேட்டுக்கும். பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் எந்தத் துண்டுகள் மாறியிருக்கின்றனவோ அவை மட்டும் இறங்க வேண்டும். ஆனால் கேம்களின் உள்ளே ஆயிரக்கணக்கான கோப்புகள் தனித்தனியாக இருப்பதில்லை, சில பெரிய மூட்டைகளாகக் கட்டப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் ஒரு துப்பாக்கியின் படத்தை மாற்றி மூட்டையை மறுபடி கட்டும்போது உள்ளே இருக்கும் வரிசை குலைந்தால், மாறாத பகுதிகள்கூட ஸ்டீமின் கண்ணுக்குப் புதியவையாகத் தெரியும். மூட்டை முழுவதையும் சேர்த்துச் சுருக்கியிருந்தாலோ மறையாக்கியிருந்தாலோ இன்னும் மோசம். ஓர் இடத்தில் ஒரு பைட் மாறினாலும் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் மாறிவிடும். இதனால்தான் "சிறு திருத்தங்கள்" என்ற குறிப்போடு 20 ஜிபி அப்டேட் வருகிறது. மூட்டைகளைச் சிறிதாக வையுங்கள், வரிசையைக் கலைக்காதீர்கள் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் தயாரிப்பாளர் கையேட்டில் எழுதியே வைத்திருக்கிறது. எல்லோரும் கேட்பதில்லை.

அப்டேட்டுக்கு டிஸ்க்கிலும் காலியிடம் வேண்டும். பழைய மூட்டையை வைத்துக்கொண்டே பக்கத்தில் புதியதைக் கட்ட வேண்டியிருப்பதால் இறங்கும் அளவைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். 2023 இறுதியில் 'பால்டர்ஸ் கேட் 3'க்கு வந்த ஐந்தாவது பெரிய பேட்ச், அதாவது திருத்த அப்டேட், சுமார் 30 ஜிபி. அதைப் போட 130 ஜிபி அளவுக்குக் காலியிடம் தேவைப்பட்டது. இடம் இல்லாதவர்கள் கேமை நீக்கிவிட்டு முழுதாக மறுபடி நிறுவலாம் என்று சொல்லப்பட்டது. வேகமான ஊர்களில் அது சரியான யோசனை. 10 எம்பிபிஎஸ்காரருக்கு அது மீண்டும் ஒரு நாளைக்கு மேல் காத்திருக்கச் சொல்வது. எனவே மெதுவான இணைப்பில் இருப்பவர் டிஸ்க்கை நிரப்பி வைக்கக்கூடாது. பெரிய கேம் ஒன்று இருந்தால் அதே அளவு இடம் சும்மா கிடக்கட்டும்.

இறக்கத் தொடங்கும் முன்

கேமின் 'பிராபர்ட்டீஸ்' பகுதியில் மொழியும் டிஎல்சி பட்டியலும் இருக்கும். குரல்கள் பல மொழிகளில் இருந்தால் ஸ்டீம் நீங்கள் தேர்ந்த மொழியை மட்டும் இறக்கும்படி தயாரிப்பாளர் பிரித்து வைத்திருக்கலாம். எனவே இறக்கிய பிறகு மொழியை மாற்றி இன்னொரு தொகுதியை இழுத்துக்கொள்ள வேண்டாம். உயர்தர டெக்ஸ்சர் தொகுப்பு தனி டிஎல்சியாக இருந்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். கதைப் பகுதியும் ஆன்லைன் பகுதியும் தனித்தனியாக நிறுவக்கூடிய கேம்களில் விளையாடப்போவதை மட்டும் எடுங்கள்.

வெளியான நாளிலேயே விளையாட வேண்டும் என்றால் 'பிரீலோட்' இருக்கிறதா என்று பாருங்கள். சில நாட்களுக்கு முன்பே பூட்டிய நிலையில் கோப்புகள் இறங்கி நிற்கும், வெளியீட்டு நேரத்தில் சாவி மட்டும் வரும். ஆனால் என் ஆலோசனை, கதை விளையாட்டு என்றால் காத்திருப்பதுதான். முதல் சில மாதங்களில்தான் பெரிய பேட்ச்கள் அடுத்தடுத்து வரும். அவை ஓய்ந்த பிறகு இறக்கினால் திருத்தங்கள் உள்ளேயே இருக்கும். விலையும் குறைந்திருக்கும், டிஎல்சிகளும் சேர்ந்திருக்கும்.

காசைத் திரும்பப் பெறும் விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 14 நாள் வாங்கிய நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது, இறங்கி முடிந்த நிமிடத்திலிருந்து அல்ல. பத்து நாள் எடுத்து இறக்குபவருக்கு, தன் கணினியில் அது ஓடுமா என்று பார்க்க நான்கு நாள்தான் மிச்சம். தள்ளுபடியில் வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த மாதம் இறக்கலாம் என்று இருந்தால் அந்த உரிமையே போய்விடும். டெமோ இருந்தால் முதலில் அதை இறக்கிப் பாருங்கள்.

தானாக அப்டேட் ஆவதையும் அடக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு கேமுக்கும் 'திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்' என்ற தேர்வு ஸ்டீமில் உண்டு. நீங்கள் தொட்டே பல மாதம் ஆன கேம் ஒன்று மாதத்துக்கு இரண்டு முறை டேட்டாவைத் தின்பதை இது நிறுத்தும். ஆன்லைன் கேம்களுக்கு மட்டும் இது சரிவராது. அவற்றைப் பழைய பதிப்போடு திறக்கவே முடியாது, நண்பர்கள் கூப்பிடும் நேரத்தில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைப்பவர்கள் விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' என்று குறித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட்டே அன்றைய டேட்டாவைக் காலி செய்துவிடும்.

வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள்

ஒரு வீட்டில் ஒருவர் கேம் இறக்கத் தொடங்கினால் அம்மாவின் வீடியோ கால் உறைந்துவிடும், தம்பியின் ஆன்லைன் வகுப்பு அறுந்துவிடும். இதற்கு டேட்டா போதாதது மட்டும் காரணம் இல்லை. ரவுட்டருக்குள்ளும் இணைய நிறுவனத்தின் கருவிகளுக்குள்ளும் டேட்டா பொட்டலங்கள் காத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. கேம் டவுன்லோட் அந்த இடத்தை இண்டு இடுக்கு இல்லாமல் நிரப்பிவிடும். டோல்கேட்டில் ஐம்பது லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸ் போல, வீடியோ காலின் சின்னஞ்சிறு பொட்டலங்கள் அந்த வரிசையில் நிற்கும். வழக்கமாக 30 மில்லிநொடியில் போய்வருவது ஒரு நொடிக்கு மேல் ஆகலாம். இந்தச் சிக்கலுக்கு 'பஃபர்புளோட்' என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பையே ஆராய்ந்து இதைப் பரவலாக எடுத்துச்சொன்னார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 'கோடெல்' என்ற தீர்வை முன்வைத்தார்கள். ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பார்த்து, வரிசை நீளும்போதே அனுப்புபவரை வேகம் குறைக்க வைக்கும் முறை அது.

வீட்டில் இதை இரண்டு விதமாகச் சமாளிக்கலாம். எளிய வழி, ஸ்டீமின் டவுன்லோட் செட்டிங்கில் வேக வரம்பைப் போடுவது. லைனின் உண்மையான வேகத்தில் 80 சதவீதம் வைத்தால் காத்திருப்பு வரிசை உருவாகவே உருவாகாது. கேம் இறங்குவது கொஞ்சம் தாமதமாகும், வீடு அமைதியாக இருக்கும். இன்னொரு வழி, கோடெல் வகையைச் சேர்ந்த 'கேக்' போன்ற முறைகள் உள்ள ரவுட்டர் வைத்துக்கொள்வது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட முடிந்த பழைய ரவுட்டர்கூடப் போதும். மெதுவான இணைப்பில் இது தரும் நிம்மதி, வேகத்தை இரண்டு மடங்காக்கினாலும் கிடைக்காது. இணையத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எம்பிபிஎஸ் எண்ணிலேயே நின்றுவிடுகிறார்கள், தாமதத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது எனக்கு நீண்டகால வருத்தம்.

இரவில் இறக்குவது பழைய வழக்கம். பிஎஸ்என்எல் டேட்டாஒன் காலத்தில் 'ஹோம் 500' திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் வராது. அந்த ஆறு மணி நேரத்துக்காக அலாரம் வைத்து எழுந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். இலங்கையிலும் ஸ்ரீலங்கா டெலிகாம் திட்டங்கள் பலவற்றில் நள்ளிரவுக்குப் பிந்தைய டேட்டா தனிக் கணக்காக இருந்துவந்திருக்கிறது. உங்கள் திட்டத்தில் அப்படி ஏதாவது உண்டா என்று பார்த்துக்கொண்டு, ஸ்டீமில் அப்டேட் நேரத்தை அதற்கேற்பக் குறித்துவிடலாம். கணினி தூங்கப் போய்விடாதபடி பவர் செட்டிங்கை மாற்றுவதும், ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைப்பதும் இதோடு சேர்ந்தவை.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது வேகமான நாடுகளே இந்த நெரிசலைச் சந்தித்தன. ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் டவுன்லோட் வேகத்தை சோனி குறைத்தது. ஸ்டீமும், சமீபத்தில் விளையாடாத கேம்களின் அப்டேட்டுகளைக் கூட்டம் குறைந்த நேரத்துக்குத் தள்ளியது. அந்த ஏற்பாட்டின் பலன் மெதுவான இணைப்பு உள்ளவர்களுக்கு இன்றும் உதவுகிறது.

கையில் எடுத்துக்கொண்டு போவது

யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கில் 150 ஜிபியை எடுக்க அரை மணி நேரம் போதும். அதாவது அதே கேமை ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பர் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், பஸ்ஸில் போய் வாங்கி வருவது மெதுவான எந்த லைனையும்விட வேகமானது. இது திருட்டு வேலை இல்லை. கோப்புகளை நகல் எடுத்தால் மட்டும் பெரும்பாலான கேம்களை விளையாட முடியாது, உங்கள் கணக்கிலும் அந்த கேம் வாங்கியிருக்க வேண்டும். பூட்டை உடைத்து 'கிராக்' செய்யப்பட்ட சுருக்கப் பதிப்புகள் சிறிதாக இருக்கும் என்பதால் பலர் அந்தப் பக்கம் போகிறார்கள். அவற்றோடு என்ன வருகிறது என்று யாருக்கும் உறுதி கிடையாது, பேட்ச் வந்தால் மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும்.

செய்முறை எளிது. நண்பரின் கணினியில் 'ஸ்டீம்ஆப்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் 'காமன்' என்று ஒன்று இருக்கும். கேமின் ஃபோல்டர் அதற்குள் இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து உங்கள் கணினியில் அதே இடத்தில் வைத்துவிட்டு, ஸ்டீமில் 'இன்ஸ்டால்' கொடுங்கள். ஏற்கெனவே உள்ள கோப்புகளை ஸ்டீம் கண்டுபிடித்து, துண்டு துண்டாகச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். எபிக் என்ற இன்னொரு கேம் கடையில் இது கொஞ்சம் சுற்று வழி: முதலில் இன்ஸ்டாலைத் தொடங்கி, சிறிது இறங்கியதும் நிறுத்தி லாஞ்சரை (கடையின் மென்பொருளை) மூடி, ஃபோல்டரின் உள்ளே நகலைப் போட்டு, பிறகு தொடர வேண்டும். எடுத்துப்போகும் டிஸ்க் எஃப்ஏடி32 வகையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வகைக்கு முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு கணினி இருந்தால் டிஸ்க்கூட வேண்டாம். 2023இல் ஸ்டீம் உள்ளூர் நெட்வொர்க் வழியாகக் கேம் மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. ஒரு கணினியில் இருப்பதை இன்னொன்று ரவுட்டர் வழியாகவே எடுத்துக்கொள்ளும், வெளி இணையத்தைத் தொடாது. கேமிங் சென்டர் நடத்துபவர்களும் கல்லூரி விடுதிகளில் இருப்பவர்களும் 'லான்கேஷ்' என்ற இலவச ஏற்பாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரு பழைய கணினியில் போட்டுவிட்டால், முதல் ஆள் இறக்கும் துண்டுகளை அது சேமித்து, அடுத்த இருபது பேருக்கும் அங்கிருந்தே கொடுக்கும்.

விளையாடி முடித்த கேமையும் உடனே அழிக்காதீர்கள். வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்தி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஆசை வந்தால் பழைய நகலை உள்ளே போட்டு, இடையில் வந்த மாற்றங்களை மட்டும் இறக்கினால் போதும். இந்த விஷயத்தில் ஜிஓஜி கடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே வாங்கும் கேமுக்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலர் கிடைக்கும். பெரிய கேம் என்றால் 4 ஜிபி அளவுள்ள பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். இன்று ஒரு பகுதி, நாளை ஒரு பகுதி என்று சௌகரியப்படி இறக்கி டிஸ்க்கில் வைத்தால், லாஞ்சரோ இணையமோ இல்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம்.

டிஸ்க் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று ஒரு காலத்தில் சொல்ல முடிந்தது. 'ஜிடிஏ 5' கணினிக்கு 2015இல் ஏழு டிவிடிகளில் வந்தது. ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பைக்கூட ஐரோப்பாவில் ஏரோசாஃப்ட் நிறுவனம் பத்து டிவிடிகளில் விற்றது. மெதுவான இணைப்பு உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்த காரியம் அது. இன்று கன்சோல் டிஸ்க்கையும் முழுக்க நம்ப முடிவதில்லை. 2025இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' டிஸ்க்கில் இருந்தது 85 எம்பிதான், மீதியெல்லாம் இணையத்தில். முழு விலை கொடுத்துப் பெட்டியை வாங்கி வீட்டுக்கு வந்தவர் அங்கேயும் டவுன்லோட் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பெட்டியின் மேல் இதைப் பெரிய எழுத்தில் அச்சிடக் கட்டாயப்படுத்த வேண்டும்.

கிளவுட் கேமிங்கும் மாற்றாகச் சொல்லப்படுகிறது. எதையும் இறக்க வேண்டாம், தூரத்துச் சர்வரில் ஓடும் கேமின் படம் மட்டும் வரும். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் 1080பி படத்துக்கு 25 எம்பிபிஎஸ் கேட்கிறது. அப்படி ஒரு மணி நேரம் விளையாடினால் 11 ஜிபி. பதிமூன்று, பதினான்கு மணி நேரத்தில் அந்த 150 ஜிபி போய்விடும், கையில் எதுவும் மிஞ்சாது. நாளைக்கு மறுபடி முதலிலிருந்து. 2024 நவம்பரில் வந்த புதிய ஃப்ளைட் சிமுலேட்டரும் ஏறக்குறைய இந்தப் பாதைக்கு வந்துவிட்டது. நிறுவும் அளவை 50 ஜிபியாகக் குறைத்துவிட்டு, பெரும்பகுதியை விளையாடும்போதே இணையத்திலிருந்து எடுக்கிறது. குறைந்தது 10 எம்பிபிஎஸ், பரிந்துரைப்பது 50. வெளியான நாளில் சர்வர்கள் திணறியதில், நல்ல இணைப்பு வைத்திருந்தவர்கள்கூட உள்ளே நுழைய முடியாமல் நின்றார்கள். கேம் அளவு சிறிது என்று கடைப் பக்கத்தில் பார்த்து மகிழும் முன், மீதி எங்கிருந்து வரும் என்று பார்க்க வேண்டும்.

செல்போன் கேம்களில் நிலைமை பரவாயில்லை. பிஜிஎம்ஐ போன்றவை மேப்களையும் கூடுதல் தொகுப்புகளையும் தனித்தனியாக இறக்கவும் அழிக்கவும் விடுகின்றன. குறைந்த டேட்டா உள்ளவர்கள்தான் தங்கள் வாடிக்கையாளர்கள் என்று தெரிந்து செய்திருக்கிறார்கள். கணினி கேம்களின் கடைப் பக்கங்களில் அந்த அக்கறையைக் காணோம். எவ்வளவு இடம் வேண்டும் என்று ஓர் எண் இருக்கும். எவ்வளவு இறங்கும், மாதம் எவ்வளவு அப்டேட் வரும் என்பது இருக்காது. அந்த விவரங்களும் வரும்வரை, வாங்கும் முன் ஸ்டீம்டிபி தளத்தில் அந்த கேமின் பக்கத்தைத் திறந்து 'டிப்போஸ்' பகுதியைப் பாருங்கள். டிஸ்க்கில் பிடிக்கும் இடமும் உண்மையில் இறங்கும் அளவும் அங்கே தனித்தனியாக இருக்கும். பேட்ச் பட்டியலில் எத்தனை நாளுக்கு ஒரு முறை அப்டேட் வந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.